கொடி ஏறினா ஓடணும் பாஸ்!

தலைப்புல வர்ற 'பாஸ்'ல பாதி நீங்க, மீதி ஒரு மீன். அரியர் எழுதி வாங்கற பாஸ் இல்லை, அதைப் பத்தி எழுதற அளவுக்கு எனக்கு இன்னும் தகுதி வரலை. இது வட அமெரிக்க ஏரிகள்ல வாழற நன்னீர் மீன். நம்ம ஊர் பெரிய ஹோட்டல் மெனு கார்டுல 'சீ பாஸ்'னு போட்டு கொடுவா மீனைத் தட்டுல வெப்பாங்களே, அதுக்கும் இதுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். இந்த பாஸ்ல முக்கியமா ரெண்டு வகை. வாய் பெருசா இருக்கறது லார்ஜ்மவுத், கொஞ்சம் சின்னதா இருக்கறது ஸ்மால்மவுத். பேர் வைக்க ரொம்ப யோசிக்கலை போல. நான் கீழ எழுதறது பெரும்பாலும் பெரிய வாய்க்காரரைப் பத்தி.

இவரை மினசோட்டாவுல, உறைஞ்ச ஏரி மேல உட்கார்ந்து, டிப்-அப்னு ஒரு சின்ன மரச்சட்டத்தை வெச்சுப் பிடிக்கறாங்க. நானும் மூணு குளிர்காலமா பிடிக்கறேன். பிடிக்கற முறையில ஒரு விஷயம் தப்புன்னு எனக்குப் படுது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கிட்டயே சொல்லிப் பார்த்தேன், எடுபடலை. சரி, இங்கயாவது சொல்லுவோம்.

முதல்ல ஐஸ். முதல் வருஷம் அம்மாகிட்ட ஃபோன்ல "இன்னிக்கு ஏரி மேல நடந்தேன்"னு வாய்தவறிச் சொல்லிட்டேன். "ஏண்டா, வயித்துல புளியைக் கரைக்கறே? படிக்கத்தானே அனுப்பினோம்!" அன்னிக்கு விழுந்த திட்டுல ஐஸே உருகியிருக்கும். உண்மையில அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. தெளிவான, புதுசா உறைஞ்ச ஐஸ் 4 அங்குலம் இருந்தா ஒரு ஆள் நடக்கலாம்னு மினசோட்டா அரசோட இயற்கை வளத்துறை சொல்லுது. கார், டிரக்குக்கெல்லாம் அதைவிட ரெண்டு மூணு மடங்கு வேணும். பனி கலந்து உறைஞ்ச வெள்ளை ஐஸ் பலம் கம்மி, அதுக்கு இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கணும். நூத்துக்கு நூறு பத்திரமான ஐஸ்னு ஒண்ணு கிடையாதுன்னும் அவங்களே சொல்லிடறாங்க. அதனால கையில ஒரு கடப்பாரை (நிஜமாவே நம்ம ஊர் கடப்பாரையோட தம்பி மாதிரிதான் இருக்கும்) வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு நாலடிக்கும் ஒரு குத்து குத்திப் பார்த்துக்கிட்டே போகணும். 2023-24 குளிர்காலம் மினசோட்டாவுல பதிவானதுலயே ரொம்ப வெப்பமான குளிர்காலம். அந்த வருஷம் பல பேர் சாமானையெல்லாம் துடைச்சு வெச்சுட்டுக் கரையில நின்னு ஏரியைப் பார்த்துட்டுத் திரும்பினாங்க.

கீழ மீன் எப்படி உயிரோட இருக்குன்னு கேப்பீங்க. ஸ்கூல்ல படிச்சதுதான். தண்ணி 4 டிகிரி செல்சியஸ்ல இருக்கறப்போதான் ரொம்ப அடர்த்தி. அந்தத் தண்ணி அடிக்குப் போயிடும், அதைவிடக் குளிர்ந்தது மேல மிதக்கும், மேல இருந்துதான் உறையும். அதனால வெளியில மைனஸ் 20 இருந்தாலும் ஏரியோட அடியில 4 டிகிரிக்குப் பக்கத்துல ஒரு தண்ணி காத்துக்கிட்டிருக்கும். பத்தாம் வகுப்புல இதை ரெண்டு மார்க் கேள்வியா எழுதினப்போ, இதுக்கு அடியில ஒரு மீன் உட்கார்ந்திருக்கும்னு தோணவே இல்லை. பாஸ் குளிர் ரத்தப் பிராணி. தண்ணி குளிர்ந்தா அதோட உடம்பும் மெதுவாகிடும். பசி கம்மி, நடமாட்டம் கம்மி. ஆனா சாப்பிடறதை நிறுத்தறது இல்லை. இன்னும் பச்சையா இருக்கற தண்ணிப் பாசிச்செடி ஓரமா, ஏழெட்டு அடியிலிருந்து பன்னெண்டு அடி ஆழத்துல, கும்பலா நிக்கும். பச்சைச் செடி இருந்தா ஆக்சிஜன் இருக்கும், சின்ன மீனும் இருக்கும். கண்ணால பார்த்து வேட்டையாடற மீனுங்கறதால பகல்லதான் அகப்படும். அந்தி சாயறப்போ பிடிபடறது வால்ஐ மாதிரி வேற ஆட்கள்.

இப்போ டிப்-அப். ரெண்டு மரக்கட்டையைக் கூட்டல் குறி மாதிரி வெச்சு, ஐஸ்ல போட்ட ஓட்டை மேல குறுக்க வைப்பாங்க. நடுவுல ஒரு தண்டு தண்ணிக்குள்ள இறங்கும், அதோட நுனியில நூல் சுத்தின ஸ்பூல். தண்ணிக்குள்ளயே இருக்கறதால ஸ்பூல் உறையாது. இந்தச் சாமானோட மொத்த புத்திசாலித்தனமும் அதுலதான். மேல, மெல்லிசு எஃகுப் பட்டையில ஒரு சின்ன ஆரஞ்சுக் கொடி. அதை வில்லு மாதிரி வளைச்சு ஒரு கொக்கியில மாட்டிடுவோம். கீழ மீன் இரையைக் கவ்விக்கிட்டு நகர்ந்தா ஸ்பூல் சுத்தும், தண்டு திரும்பும், கொக்கி விடுபடும், கொடி 'டப்'புனு நிமிர்ந்து நிக்கும். பேட்டரி, ஒயர் எதுவும் கிடையாது.

ஓட்டை போட ஆகர்னு ஒரு பெரிய திருகு, எட்டு அங்குல அகலம். ஓட்டைக்குள்ள மிதக்கற ஐஸ் துகளை அள்ளிப் போட ஒரு கரண்டி. பார்த்த உடனே தெரிஞ்சுது, நம்ம வீட்டு ஜல்லிக்கரண்டிதான், காம்பு மட்டும் நீளம். (முதல் வருஷம் இந்தியன் ஸ்டோர்ல வாங்கின ஜல்லிக்கரண்டியைத்தான் கொண்டுபோனேன். வேலை செஞ்சுது.) ஸ்பூல்ல தடிச்ச பின்னல் நூல், அதோட நுனியில ரெண்டு மூணு அடிக்குக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு தங்கூசி நரம்பு, அப்புறம் முள். முள்ளுல உயிரோட ஒரு ஷைனர் மீன், மூணு நாலு அங்குலம், முதுகுத் துடுப்புக்குப் பக்கத்துல லேசாக் குத்தி. அதைத் தரையிலிருந்து ஒண்ணு ரெண்டு அடி உயரத்துல, செடிக்கு மேல நீந்த விடணும். அவ்வளவுதான். இனிமே உங்க வேலை காத்திருக்கறது.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கறாங்க. இங்க மீன்பிடிக்கறவங்கள்ல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, குட்டித் தூண்டில் கம்பு ஒண்ணைக் கையில வெச்சு ஆட்டிக்கிட்டே, சோனார்ல மீனைத் தேடி, கிடைக்கலைன்னா அடுத்த ஓட்டைன்னு நகர்ந்துக்கிட்டே இருக்கும். டேவ் கென்ஸ்னு ஒரு மினசோட்டாக்காரர் 1980-கள்ல, இழுத்துக்கிட்டுப் போகக்கூடிய கூடாரத்தை ஸ்லெட் மேலயே கட்டி, 'ஒரே இடத்துல உட்காராதே'ன்னு சொல்லி இந்த விளையாட்டையே மாத்தினவர். இந்தக் கட்சிக்கு அவர்தான் குலதெய்வம். இன்னொரு கட்சி டிப்-அப் கட்சி. முதல் கட்சி ரெண்டாவது கட்சியைப் பார்த்து "சோம்பேறிங்க"ன்னு சொல்லும். 1993-ல வந்த 'க்ரம்பி ஓல்ட் மென்' படத்துல ஜாக் லெம்மனும் வால்ட்டர் மாத்தாவும் குடிசைக்குள்ள உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே மீன் பிடிப்பாங்களே, ஐஸ் மீன்பிடின்னா ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சது அந்தப் பிம்பம்தான்.

நான் டிப்-அப் கட்சி. ஆனா சோம்பேறின்னு சொல்றது பொய்யில்லை. டிப்-அப் நம்மைச் சோம்பேறியா இருக்க விடுது. கொடிக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தூரத்தையும், கொடி ஏறினதுக்கும் நாம நூலைத் தொட்டதுக்கும் நடுவுல இருக்கற நேரத்தையும் யாரும் கணக்கு வெச்சுக்கறது இல்லை. அந்தக் கணக்குலதான் பாஸ் சாகுது.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ஜனவரி சனிக்கிழமை. மினியாபோலிஸுக்கு மேற்கே மினடோங்கா ஏரி. 14,000 ஏக்கருக்கு மேல, ஏகப்பட்ட விரிகுடா விரிகுடாவா பிரிஞ்சு கிடக்கற ஏரி, பாஸுக்குப் பேர் போனது. என்னைக் கூட்டிட்டுப் போனவர் எங்க தெருவுல இருக்கற ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டினவர். பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு நூறு தடவை சொல்லிட்டார், எனக்கு வாய் வரலை, இன்னும் 'சார்'தான். ஐஸ் பத்தி எனக்குத் தெரிஞ்ச எல்லாமே அவர் போட்ட பிச்சை. ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு டிப்-அப் வெச்சோம். குளிர் தாங்கலை, கூடாரத்துக்குள்ள ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டோம். ஜன்னல்னு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் காகிதம், அதுல ஆவி படிஞ்சு மங்கலா இருந்தது. நான் ஃபிளாஸ்க்குல கொண்டுபோன இஞ்சி டீ, அவரோட கதைகள். நல்ல பொழுதுதான், குறை சொல்லக் கூடாது.

வெளியில வந்தப்போ கடைசிக் கொடி ஏறியிருந்தது. எப்போ ஏறிச்சுன்னு தெரியாது. அது மேல மெல்லிசா பனி படிஞ்சிருந்ததுன்னா பார்த்துக்குங்க. நான் ஓடினேன். ஸ்பூல் சுத்திக்கிட்டிருந்தது. நூலைப் பிடிக்கப் போனேன். பின்னாலிருந்து சார் குரல் கொடுத்தார்: "அவசரப்படாதே! ஓடட்டும். நிக்கும், அப்புறம் மறுபடி ஓடும். அப்போ சுண்டு." அப்படித்தான் அவரோட அப்பா சொல்லிக் கொடுத்தாராம். நின்னேன். ஸ்பூல் நின்னுது. மறுபடி சுத்திச்சு. சுண்டினேன். கனமா இருந்தது, கைக்குக் கை மாத்தி இழுத்தேன், சண்டையே இல்லை. ஓட்டையில தலை தெரிஞ்சப்போ நான் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டிருக்கும். 19 அங்குலம்.

வாயைத் திறந்து பார்த்தா முள் தெரியலை. தொண்டைக்கு உள்ள, செவுளுக்குக் கீழே எங்கயோ. மூணு முனை இருக்கற முள். நான் இடுக்கியை விட்டுத் திருகினேன். அதைச் செஞ்சிருக்கக் கூடாது. ரத்தம் வந்துது. வெள்ளை ஐஸ் மேல அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் பரவும்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். தண்ணியில விட்டுப் பார்த்தோம். ஓட்டைக்குள்ள பக்கவாட்டுல சாய்ஞ்சு, வெள்ளை வயிறு மேல தெரிய, ஐஸோட அடிப்பக்கத்தை ஒட்டி மிதந்துது. கையை விட்டு நிமிர்த்தி நிமிர்த்தி விட்டேன். கை மரத்துப் போச்சு. கடைசியில சார் "எடுத்துக்கோ, வீணாக்காதே"ன்னார். எடுத்துக்கிட்டு வந்து, ரூம்ல மிளகாய்த்தூளும் புளியும் போட்டுக் குழம்பு வெச்சோம். ருசி நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ராத்திரி தூக்கம் வரலை. அது குழம்போட காரம் மட்டும் இல்லை. இந்த வடக்குப் பக்கத்துல பாஸ் ரொம்ப மெதுவா வளரும். வருஷத்துல பாதி நாள் குளிர், வளர்றதுக்குக் கிடைக்கறது சில மாசம்தான். தெற்கே கணக்கே வேற. 1932-ல ஜார்ஜியா மாநிலத்துல ஜார்ஜ் பெர்ரிங்கறவர் பிடிச்ச பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஜப்பான்ல பிவா ஏரியில 2009-ல மனாபு குரிதா பிடிச்ச மீன்தான் அதைச் சமன் பண்ணிச்சு. மினசோட்டாவுல 2005-ல ஆபர்ன் ஏரியில மாநில சாதனையா பதிவான பாஸ் 8 பவுண்டு 15 அவுன்ஸ். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இங்க 19 அங்குலம்னா பத்து வயசை ஒட்டி இருக்கும். நான் ஏழாம் வகுப்புல படிச்சிக்கிட்டிருந்தப்போ பிறந்து, பத்து குளிர்காலம் அந்த ஐஸுக்கு அடியில தாக்குப் பிடிச்ச மீன், நான் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் முள்ளை முழுங்கிக்கிட்டுச் சுத்தியிருக்கு.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். சாரோட அப்பா சொன்னது பொய்யில்லை, ஆனா அது பைக்னு ஒரு மீனுக்கான பாடம். பைக்குக்கு நீட்டு மூக்கு, வாய் நிறையப் பல்லு. இரையைக் குறுக்கால கவ்விக்கிட்டு ஓடும். ஒரு இடத்துல நின்னு, தலைப்பக்கமா திருப்பி, முழுங்கிட்டு மறுபடி ஓடும். அந்த நடுவுல சுண்டினா இரை மட்டும் கையோட வரும். அதனால 'ரெண்டாவது ஓட்டம் வரைக்கும் பொறு'ங்கற பழக்கம் வந்துது. பெரிய மீன், பெரிய இரை, எப்படியும் அடிச்சுச் சாப்பிடப் போற காலம். அந்தக் காலத்துக்கு அது சரி.

பாஸ் அப்படிச் சாப்பிடறதே இல்லை. வாயைப் படக்குனு திறக்கும், ஒரு வாளித் தண்ணி உள்ள போற மாதிரி இரையும் தண்ணியோட சேர்ந்து உள்ள போயிடும். கவ்வறது கிடையாது, உறிஞ்சறது. மூணு அங்குல ஷைனர் அதுக்கு ஒரு வாய்ச் சோறு. கொடி ஏறின அந்த நொடியிலயே முள் பெரும்பாலும் வாய்க்குள்ள இருக்கும். நீங்க பொறுத்திருக்கற ஒவ்வொரு விநாடியும் உதட்டிலிருந்து தொண்டைக்கு, தொண்டையிலிருந்து வயித்துக்கு முள் இறங்கறதுக்கு நீங்களே வழி விடற நேரம். இது தெரிஞ்ச பிறகும் "அப்பா அப்படித்தான் செஞ்சார்"னு நிக்கறது எனக்கு ஒப்பலை. நம்ம வீட்டுலயும் இந்த மாதிரி பல விஷயம் உண்டு, அதுக்குள்ள இப்போ போகலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா, அது எண்ணிக்கையைத்தான் பேசுது. மினசோட்டாவுல கோடையில ஆளுக்கு ஒரு தூண்டில், ஐஸ் மேல ரெண்டு. பக்கத்து விஸ்கான்சின்ல மூணு. கிழக்கே மெய்ன் மாநிலத்துல ஐஸ் மேல அஞ்சு வரைக்கும். (அங்க டிப்-அப்புக்கு 'ட்ராப்'னு பேரு, அதாவது பொறி. அந்தப் பேர்தான் நேர்மையா இருக்கு.) தூரத்தையும் மினசோட்டா சட்டம் தொடுது. டிப்-அப் கண்ணுக்குத் தெரியணும், 200 அடிக்குள்ள நீங்க இருக்கணும். 200 அடின்னா ஏறக்குறைய 60 மீட்டர். ஐஸ் மேல கனமான பூட்ஸோட நடந்தா முக்கால் நிமிஷம் ஆகும். அதுவும் கொடி ஏறின உடனே பார்த்தாத்தான். கூடாரத்துக்குள்ள ஆவி படிஞ்ச ஜன்னல் வழியா 'கண்ணுக்குத் தெரியுது'ன்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கறவங்க எல்லாருமே சட்டப்படி சரியாத்தான் இருக்காங்க. நானும் அன்னிக்குச் சட்டப்படி சரிதான். எல்லாமே அனுமதிக்குள்ள நடந்து மீன் செத்துப் போச்சு.

இதுக்கு எதிரா வர்ற வாதங்களைக் கேட்டிருக்கேன். 'குளிர் தண்ணியில பிடிச்ச மீன் கோடையில பிடிச்சதைவிட நல்லாப் பிழைக்கும்'பாங்க. உண்மை. சூடான தண்ணியில இழுத்துக் களைச்சுப்போன மீனை விட, குளிர்ல பிடிச்ச மீன் சீக்கிரம் தேறும். ஆனா அது உதட்டுல முள் மாட்டின மீனுக்கு. செவுள் கிழிஞ்ச மீனுக்குத் தண்ணி எத்தனை டிகிரியா இருந்தா என்ன? அதோட, குளிர்காலத்துக்குன்னே ஒரு தனி ஆபத்து இருக்கு. மைனஸ் 15 காத்துல மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மூணு போஸ் கொடுத்தா, ஈரமா இருக்கற செவுளும் கண்ணும் உறைய ஆரம்பிச்சுடும். பனி மேல புரட்டிப் போட்டா உடம்பு மேல இருக்கற வழவழப்பு போயிடும், அந்த வழவழப்புதான் அதுக்குச் சட்டை. குளிர் தண்ணி செஞ்ச நல்லதைக் குளிர் காத்து கெடுத்துடும்.

இன்னொரு வாதம் இதைவிடப் பலமானது. 'பாஸ் ஒண்ணும் அழியப் போறது இல்லை'. இதுவும் சரிதான். வடக்குப் பக்கம் நிறைய ஏரிகள்ல லார்ஜ்மவுத் பெருகிக்கிட்டுத்தான் வருது. வடக்கு விஸ்கான்சின்ல சில ஏரிகள்ல வால்ஐ மீனைக் காப்பாத்த, பாஸைப் பிடிச்சுச் சாப்பிடுங்கன்னு சொல்லி அளவு விதியையே தளர்த்தியிருக்காங்க. அதனால நான் மீனைச் சாப்பிடாதேன்னு சொல்ல வரலை. மீன் குழம்பு இல்லாம இந்த ஊர்ல அஞ்சு மாசம் குளிரை ஓட்டறது எப்படின்னு எனக்குத் தெரியாது. சாப்பிடறதுன்னா 12, 13 அங்குலத்தை எடுத்துக்கலாம். ப்ளூகில், பெர்ச் இன்னும் நல்லது. ருசியும் அதுலதான். பெரிய பழைய பாஸ்ல பாதரசமும் கூடுதலா சேர்ந்திருக்கும். மினசோட்டா சுகாதாரத்துறையே எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம்னு அட்டவணை போட்டிருக்கு. எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு முடிவு பண்றது நாமளா இருக்கணும், அவ்வளவுதான். தொண்டைக்குள்ள முள் போயிட்டா அந்த முடிவு நம்ம கையில இல்லை. 'எடுத்துக்கோ, வீணாக்காதே'ங்கறது முடிவு இல்லை, சமாதானம்.

சரி, இப்போ நான் என்ன பண்றேன்? மூணு முனை முள்ளை விட்டுட்டேன். வட்ட முள்னு ஒண்ணு இருக்கு, நுனி உள்பக்கமா வளைஞ்சிருக்கும். மீன் முழுங்கினாலும் இழுக்கறப்போ தொண்டையில குத்தாம வழுக்கி வந்து வாயோரத்துல மாட்டும். ஒரு விஷயம், அதைச் சுண்டக் கூடாது. மெதுவா, ஒரே சீரா இழுக்கணும். கம்பால மீன் பிடிச்சுப் பழகினவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், கை தானா சுண்டிடும். டிப்-அப்ல கையாலதானே நூலை இழுக்கறோம், அதனால இங்க இது அழகா ஒத்து வருது. எனக்கு இந்த விஷயத்துல டிப்-அப் கம்பைவிட ஒரு படி மேலன்னே தோணுது. கம்புக் கட்சி கோச்சுக்காதீங்க :-)

கொடி ஏறினா உடனே ஓடறேன். ஸ்பூல் எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒரு பார்வை, நூலை ரெண்டு விரல்ல பிடிச்சு, கனம் தெரிஞ்ச உடனே இழுக்க ஆரம்பிக்கறேன். ரெண்டாவது ஓட்டம், மூணாவது ஓட்டம் எல்லாம் கிடையாது. இதனால சில மீன் தப்பிச்சுப் போகுது. போகட்டும். முள் ஆழமா போயிருந்தா இடுக்கியை எடுக்கறதே இல்லை, நரம்பை வாய்க்குப் பக்கத்துல வெட்டி விட்டுடறேன். முள்ளைப் பிடுங்கறதைவிட நரம்பை வெட்டி விட்டா மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம்னுதான் ஆராய்ச்சி பண்ணினவங்க பொதுவா சொல்றாங்க. அளக்கணும்னா ஓட்டை பக்கத்துல ஒரு ஈர அளவுகோல், பத்து விநாடி. ஃபோட்டோ எடுக்கணும்னா முதல்ல ஃபோனைத் தயாரா வெச்சுட்டு, அப்புறம் மீனைத் தண்ணியிலிருந்து தூக்கணும். இங்க முக்கால்வாசிப் பேர் தலைகீழா செய்வாங்க. மீனைக் கையில வெச்சுக்கிட்டு, உறைஞ்ச விரலால பாஸ்வேர்டு அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

அப்புறம் தூரம். என் ரெண்டு டிப்-அப்பையும் நான் நிக்கற இடத்திலிருந்து இருபது முப்பது தப்படிக்குள்ள, செடி ஓரத்தை ஒட்டியே வைக்கறேன். கூடாரத்துக்குள்ள போறதா இருந்தா இரையை மேல தூக்கிட்டுப் போறேன். குளிர் தாங்கலைன்னா சாமானை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன். இப்படிப் பண்ணினா மீன் கம்மியாத்தான் கிடைக்குது, அதை மறைக்கலை. மத்தியான நேரம் மட்டும், நவம்பர் கடைசி இல்லேன்னா டிசம்பர்ல ஐஸ் புதுசா பலமானப்போ ஒரு ரெண்டு வாரம், மார்ச்சுல ஐஸ் போறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வாரம். இந்த நாட்கள்லதான் பாஸ் சுறுசுறுப்பா இருக்கும். நடு ஜனவரியில மைனஸ் 25-ல நாலு மணி நேரம் உட்கார்ந்தா ஒரு கொடி ஏறும், அதையும் தூங்கிக்கிட்டே விட்டுடுவோம். அதுக்குப் போகாமலே இருக்கலாம். (சீசன் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேற, வருஷத்துக்கு வருஷமும் மாறும். எந்த மாநிலத்துல எப்போ பாஸை வெச்சுக்கலாம், எப்போ விட்டாகணும்னு அந்த வருஷ விதிப் புத்தகத்தைப் பார்த்துட்டுப் போங்க. என்னை நம்பிப் போய் அபராதம் கட்டாதீங்க.)

சார்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். "நீ ரொம்பப் படிக்கறே"ன்னார். அது பாராட்டா திட்டான்னு எனக்கு இன்னும் பிடிபடலை. போன மாசமும் சேர்ந்துதான் போனோம். அவர் கொடி ஏறினப்போ நான் எழுந்து ஓடப் பார்த்தேன், தோளைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டார். அவரோட டிப்-அப், அவரோட மீன், நான் என்ன சொல்ல முடியும்? நல்ல வேளை, வந்தது பைக். அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

இன்னும் ஒண்ணு. விஸ்கான்சின் போறப்போ உதவும்னு மூணு டிப்-அப் இருக்கற செட்டா வாங்கியிருந்தேன். மூணாவது கட்டிலுக்கு அடியில பெட்டிக்குள்ளயே கிடக்கு. ரெண்டுக்கு மேல என்னால ஓட முடியலை. மினியாபோலிஸ் பக்கம் யாராவது இருந்தா வந்து வாங்கிக்குங்க, காசு வேண்டாம். ஸ்பூலுக்குக் கிரீஸ் போட்டுத்தான் வெச்சிருக்கேன். மூணு முனை முள்ளைக் கழட்டிட்டேன், முள் மட்டும் நீங்க வாங்கணும்.